அம்மா செட்டராக இருந்த வெள்ளிக்கிழமைகள்

அபுதாபியின் ருவைஸில் நாங்கள் இருந்த கம்பெனிக் குடியிருப்பின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு வாலிபால் கோர்ட் இருந்தது. கிழக்கே சுற்றுச்சுவர், அதற்கப்பால் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள். மேற்கே சிறிய மணல்மேடு. வார விடுமுறை அப்போது வெள்ளிக்கிழமை. சாயங்காலத் தொழுகை முடிந்து ஆண்கள் ஆடுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் அந்த மேட்டோரத்தில் பாய் விரித்து உட்காருவோம். ஆரஞ்சு உரிப்பது அம்மாவின் வேலை. சுளைகளைப் பிரித்து டப்பாவில் அடுக்குவது என் வேலை. எனக்கு ஒன்பது வயது. ஒழுங்காக அடுக்குவேன்.

அப்பாவின் டீம் ஆடும் விதம் மிகவும் எளிமையானது. பின்னால் இருப்பவர் பந்தை எடுப்பார். செட்டர் அதை நெட்டோரம் தூக்கிக் கொடுப்பார். அப்பா ஓடிவந்து எம்பி அடிப்பார். செட்டரை நான் தூத்துக்குடி மாமா என்று கூப்பிடுவேன். எந்தப் பந்து வந்தாலும் அவர் அதை இடது மூலைக்கு, உயரமாக, அப்பாவுக்குத்தான் கொடுப்பார். அது மேலே போய் இறங்குவதற்குள் எதிர் டீமில் இருவர் அங்கே வந்து கையை உயர்த்தி நிற்பார்கள். அப்பா அவர்கள் கைக்கு மேலே அடிப்பார், அல்லது கையிலேயே அடிப்பார். மற்றவர்கள் எங்களைப் போலவே வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களில் அப்பாவைவிட உயரமான பெஷாவர் பாயும், இடது கைக்காரரான மலையாளி சேட்டனும் உண்டு.

மெயின்டெனன்ஸ் டீமோடு வருஷத்துக்கு ஒருமுறை கோப்பைக்காக ஆடுவார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னால் தங்கை கல்யாணத்துக்காக மாமா ஊருக்குப் போய்விட்டார். ஆட்டத்துக்குள் திரும்புவாரா என்பது அவருக்கே தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை அவர் இடத்தில் ஒவ்வொருவராக நின்று பார்த்தார்கள். பந்து நெட்டுக்கு அடியில் போயிற்று, சுவர் தாண்டிப் போயிற்று, ஒருமுறை எங்கள் ஆரஞ்சு டப்பாவுக்கே வந்தது. அதை எடுத்துக் கொடுத்தபோது அம்மா மெதுவாகத்தான் சொன்னாள்.

“விரல் நுனியால தூக்கணும். நீங்கல்லாம் பிரசாதம் வாங்குற மாதிரி உள்ளங்கையில ஏந்துறீங்க.”

சேட்டன் சிரித்தார். என்ன சொன்னாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பெஷாவர் பாய், “பாபி, ஆவோ ஆவோ! யல்லா!” என்று அம்மாவைக் கையை ஆட்டி அழைத்தார்.

“இவளையா? காலேஜ் டீம்ல ஆடினேன்னு சொல்லுவா. நான் பார்த்ததில்ல” என்றார் அப்பா.

“பார்த்ததில்லன்னா இப்பப் பாருங்க.”

அம்மா கண்ணாடி வளையல்களைக் கழற்றி என் கையில் மாட்டினாள். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். செருப்பைப் பாயோரம் ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள். வளையல்கள் என் முழங்கை வரை சரிந்தன.

அதன் பிறகு நான் பார்த்தது வேறு ஆட்டம். அம்மாவின் பந்துகள் உயரமாகப் போகவில்லை. தாழ்வாகவும் வேகமாகவும் போயின. இடது பக்கம் பார்த்துக்கொண்டே தலைக்குப் பின்னால் சேட்டனுக்குக் கொடுத்தாள். அடுத்ததை நடுவில் நின்ற பெஷாவர் பாய்க்குக் கொடுத்தாள். தனக்குப் பந்து வரும் என்று எதிர்பார்த்தே பழகாத அவர் முதல் பந்தை மார்பில் வாங்கினார், இரண்டாவதை அடித்தார். அது எதிர்ப்பக்கம் ஒருவரும் இல்லாத இடத்தில் மணலில் புதைவதுபோல் விழுந்தது. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அப்பா ஒவ்வொரு முறையும் இடது மூலையில் எம்பினார், வெறுங்கையோடு இறங்கினார்.

இரவுச் சாப்பாட்டில் அவர் ரசத்தைப் பார்த்தபடி சொன்னார். “எனக்குப் பந்தே வரல.”

“நீங்க எம்பினதாலதான் அவங்க ரெண்டு பேரும் உங்ககூட எம்பினாங்க. நடுவுல ஆளே இல்ல.”

“அப்ப நான் சும்மா குதிக்கணுமா?”

“சும்மா குதிச்சா கண்டுபிடிச்சிருவாங்க. நம்புற மாதிரி குதிக்கணும்.”

அப்பா மோர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை; அவள் தட்டின் விளிம்பில் ஒரு விரலால் ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் பள்ளிவிட்டு வரும்போதெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து டப் டப் என்று சத்தம் கேட்கும். அம்மா ஹாலில் மல்லாந்து படுத்து, பந்தை மேலே தள்ளித் தள்ளி விரலால் வாங்கிக்கொண்டிருப்பாள். குக்கர் விசில் அடித்தால் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி படுப்பாள். என் பென்சில் பெட்டி, அழிப்பான், சீப்பு எல்லாவற்றையும் தரையில் பரப்பி, இது அப்பா, இது பாய், இது சேட்டன் என்று எனக்குக் காட்டினாள். என் அழிப்பானை எப்போது திருப்பித் தருவாள் என்பதுதான் என் கவலை.

அப்பா மெல்ல மெல்ல அதற்குள் வந்தார். சாயங்காலங்களில் இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். “பந்து என் கைக்கு வர்றப்பவே நீங்க கெளம்பிரணும். பந்தப் பார்த்துட்டு ஓடினா முடிஞ்சது” என்பாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பக் கற்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்தாறு முறை நம்புகிறபடி குதித்து ஏமாற்றிய பிறகு, அவருக்கே ஒரு பந்து வந்தது, தாழ்வாக, கைக்கு நேராக. தடுக்க ஒருவரும் இல்லை. அடித்துவிட்டுத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். கல்யாண ஆல்பத்தில்கூட அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

கோப்பை ஆட்டத்தில் பெண்கள் ஆடக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆடுவார்கள் என்று யாருக்கும் தோன்றியிராததுதான் காரணம். மெயின்டெனன்ஸ்காரர்களும் ஆடட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டாள். துபாய் கராமாவிலிருந்து வந்த ஒருவர் மூலம் அவள் அளவுக்குக் கேன்வாஸ் ஷூ வந்தது. அதை இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்தாள்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் தூத்துக்குடி மாமா வந்து நின்றார், மக்ரூன் டப்பாவோடு.

“லீவ முடிக்காமலே ஓடியாந்துட்டேன் மைனி. ஆட்டத்த விட முடியுமா? இந்தாங்க, எடுத்துக்கோங்க” என்று அம்மாவிடம் நீட்டினார்.

டீம் முழுவதும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. பெஷாவர் பாய் மட்டும், “நஹீ, பாபி கேலேகி” என்றார். அம்மாதான் ஆட வேண்டும் என்பது எனக்கே புரிந்தது. மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்து, “நீ என்ன சொல்றே?” என்று கேட்டார். கேட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் மாமா பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

“அவர்தான் வந்துட்டாரே. அவரே ஆடட்டும்” என்று சொல்லிவிட்டு அம்மா டப்பாவைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கு இரண்டு. நாளைக்கு ஆரஞ்சு உரிக்க அம்மா என் பக்கத்தில் இருப்பாள் என்பது எனக்கு மக்ரூனைவிட இனிப்பாக இருந்தது.

ஆட்டம் பழையபடி நடந்தது. இடது மூலை, உயரப் பந்து, அங்கே காத்து நிற்கும் நான்கு கைகள். பெஷாவர் பாய் நடுவில் ஓடிவந்து எம்பி, வெறுமனே இறங்கினார். அப்படியும் கடைசி வரை இழுத்துப் பிடித்தார்கள். கடைசிப் பந்து மாமாவின் கைக்கு வந்தது. வந்த அந்தக் கணமே அப்பா கிளம்பிவிட்டார். அழகாக எம்பினார். ஆனால் மாமாவின் பந்து அப்போதுதான் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அப்பா தரைக்கு வந்த பிறகுதான் அது இறங்கியது, அவருக்குப் பின்னால், மணலில்.

“சாரே, பந்து வரும் முன்னே சாடினால் எங்ஙனே?” என்று சேட்டன் தலையில் கை வைத்தார். அப்பா எங்கள் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

நானும் அம்மாவைப் பார்த்தேன். மடியில் பாதி உரித்த ஆரஞ்சு. அவளுடைய இரண்டு கைகளும் நெற்றிக்கு மேலே உயர்ந்திருந்தன, விரல்கள் விரிந்து, அசையாமல். கண் கூசுகிறது போலிருக்கிறது என்று நினைத்து என் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தேன். அவள் கைகளைக் கீழே இறக்கி என்னை அணைத்துக்கொண்டாள். ஆரஞ்சு வாசனை வந்தது.

நாங்கள் கிழக்கு நோக்கி உட்கார்ந்திருந்தோம். வெயில் எங்கள் முதுகில்தான் இருந்தது.