டெஸ்ட் டேட்டாவில் எங்கள் தெரு

திங்கட்கிழமை காலையில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தால் ஈரக் கார்ப்பெட் வாடை அடிக்கும். சனி, ஞாயிறில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, காயாமலே ஏசியைப் போட்டுவிடுவார்கள். பத்து மணிக்குள் விரல் நுனி மரத்துவிடும். கையைக் கையோடு தேய்த்துச் சூடேற்றிக்கொண்டுதான் கோட் அடிப்பேன்...

சென்னையில் என் முதல் வேலை. பெரிய கம்பெனி. எங்கள் மாடியில் மட்டும் முந்நூறு பேர். நன்னிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவனுக்கு அந்தக் கூட்டமே மிரட்டியது.

அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். வெள்ளத்தில் வீடு போனால் நஷ்டஈடு கேட்பார்களே, அந்த ஸ்கிரீன் முழுக்க நான் எழுதியது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, பொய்யாக ஒரு நூற்றைம்பது வாடிக்கையாளர்களை உள்ளே போட வேண்டும். அதுதான் டெஸ்ட் டேட்டா. எல்லோரும் ஏபிசி, எக்ஸ்ஒய்இசட் என்று தட்டிவிட்டுப் போவார்கள்.

எனக்கு வெள்ளம் என்றதும் எங்கள் தெருதான் நினைவுக்கு வந்தது. ஐப்பசியில் வாய்க்கால் உடைந்தால் முதலில் தண்ணீர் ஏறும் தெரு.

அஞ்சலை அத்தை, பக்கிரிசாமி சித்தப்பா, எங்கள் அம்மா ராசாத்தி... வீட்டு வரிசை மாறாமல் டைப் செய்தேன். மண்சுவர் கரைந்து பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்த ஜனம். வி.ஏ.ஓ. வந்து பெயர் எழுதிக்கொண்டு போனதோடு சரி. என் ஸ்கிரீனில் பட்டனைத் தட்டினால் அத்தனை பேருக்கும் பச்சை எழுத்தில் 'அப்ரூவ்டு' என்று வரும்.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த வாரம் முழுக்க சந்தோஷமாக இருந்தேன்.

பக்கத்து சீட்டு நசீர், கூத்தாநல்லூர்க்காரன். அவன் அப்பாவுக்கு சிங்கப்பூரில் கடை. எட்டிப் பார்த்துச் சிரிப்பான்.

"எங்க அத்தா பேரையும் ஒரு வீட்ல போட்டு விடுடா. அமெரிக்காக்காரன் காசுல மாடி வீடு கட்டிக்கிறோம்."

"உங்களுக்குத்தான் ஏற்கனவே மாடி வீடு இருக்கே."

"அதுக்கு மேல இன்னொரு மாடிடா."

கிளையன்ட் நேரில் வருவதாக இருந்தது. ஸ்கிரீனை எழுதியவனே டெமோ காட்ட வேண்டும் என்பது எங்கள் டீம் வழக்கம். காட்டியவன் பெயர்தான் அமெரிக்காவுக்கு அனுப்பும் ஆன்சைட் லிஸ்டில் ஏறும். பத்து நாள் பாத்ரூம் கண்ணாடி முன்னால் இங்கிலீஷ் பேசிப் பழகினேன்.

எங்கள் லீட் ரமேஷுக்குக் கும்பகோணம். யாரையும் சார் என்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது கம்பெனி சட்டம். எங்கள் அப்பா இன்றைக்கும் பண்ணை வீட்டுப் பொடியனைக்கூட 'சின்னய்யா' என்கிறார். நான் என்னைவிட எட்டு வயது மூத்தவரை ரமேஷ் என்று கூப்பிட்டேன். உலகம் மாறிவிட்டது என்று நிஜமாகவே நம்பினேன்.

டெமோவுக்கு முந்தின நாள் ரமேஷ் என் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார்.

"சூப்பர்டா. ஒரு எடத்துல கூட எரர் வரல."

அப்புறம் அட்ரஸ் பக்கத்தைத் திறந்தார்.

"இதெல்லாம் யாரு?"

"எங்க தெருக்காரங்க, ரமேஷ். சும்மா போட்டேன்."

"காலனித் தெரு..." என்று மெதுவாக வாசித்தார். "நீ நன்னிலம் டவுன்னுல்ல நெனச்சேன்."

"இல்ல, பக்கத்துல கிராமம்."

"ஓ."

எங்கள் பக்கத்தில் தெருப் பெயர் போதும். அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அவரும் கேட்கவில்லை. மௌஸை விட்டுவிட்டு எழுந்தார்.

சாயந்திரம் மெயில் வந்தது. டெமோவை டீமில் இன்னொருவனான கார்த்திக் கொடுப்பான் என்று. நேராகப் போய்க் கேட்டேன்.

"நான்தானே எழுதுனேன்?"

"கம்யூனிகேஷன் பாக்கணும்ப்பா. பெரிய கிளையன்ட்."

"போன வாரம் நல்லாப் பேசுறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அடுத்த தடவ பாத்துக்கலாம். அந்தப் பேரையெல்லாம் மாத்திடு. ஜான், மேரின்னு நல்ல பேராப் போடு."

நல்ல பேர்.

"மாத்தாதடா, அப்படியே காட்டட்டும்," என்றான் நசீர். நான் மாற்றினேன். ப்ரொபேஷன் முடியவில்லை, பயம். இரண்டு வரி ஸ்கிரிப்ட். மூன்று வினாடியில் அம்மா மேரி ஆகிவிட்டாள்.

மறுநாள் வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். கார்த்திக் ஆன்சைட் போனான். நல்ல பையன்தான், அவன்மேல் கோபமில்லை. அதே ஸ்கிரீனுக்கு மூன்று வருஷம் நான் பக் ஃபிக்ஸ் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்த அடுத்த தடவை வரவே இல்லை.

ஐடியில் திறமைக்கு மட்டும்தான் மதிப்பு என்று போஸ்ட் போடும் நண்பர்களே... என்னை யாரும் திட்டவில்லை. தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. புகார் எழுத உட்கார்ந்தால் எழுத ஒரு வரிகூடத் தேறாது. அவ்வளவு சுத்தமாக நடந்தது.

இப்போது மூன்றாவது கம்பெனி. அமெரிக்காவும் போய் வந்தாயிற்று. டெமோ நான்தான் கொடுக்கிறேன். டெஸ்ட் டேட்டாவை ஒரு டூல் தானே போட்டுத் தருகிறது, யாரும் பெயர் டைப் செய்வதில்லை.

கேண்டீனில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால், "தஞ்சாவூர் சைடு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறேன். மன்னார்குடிக்காரன் யாராவது மேலே தோண்டினால் போன் வந்த மாதிரி எழுந்துவிடுகிறேன். நசீர் இதைப் பிழைக்கத் தெரிந்த புத்தி என்கிறான். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

விரல் மரத்துப்போகும் அந்தக் குளிரில், யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பே இல்லாமல், நூற்றைம்பது தடவை எங்கள் தெருப் பெயரை டைப் செய்தேன்...

இன்றைக்கு ஒரு தடவை சொல்ல இவ்வளவு யோசிக்கிறேன்.