சூடு தெரியாத நல்ல கை

வார்டில் முதல் காலை. கணவர் முருகேசன் என் வலக்கையில் டீ டம்ளரைக் கொடுத்தார். வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் பதறிப்போய்ப் பிடுங்கினார்.

"ஏ புள்ள, இந்தக் கொதி கொதிக்குது, பிடிச்சிக்கிட்டே இருக்க?"

எனக்கு டம்ளரின் வழவழப்பு மட்டும்தான் தெரிந்தது.

வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு எங்களை ஏற்றிப்போன ஜீப் கவிழ்ந்ததில் என் கழுத்தெலும்பு உடைந்தது. இடக்கையும் இடக்காலும் போட்ட இடத்தில் கிடந்தன. வலப்பக்கம் நன்றாக அசைந்தது. பாதியாவது தப்பித்ததே என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை.

அறுவை சிகிச்சை செய்த மலையாளி டாக்டர் நிதானமாக விளக்கினார். தண்டுவடத்தில் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை) இடப் பாதி மட்டும் நசுங்கியிருக்கிறது, இப்படி ஆவது அபூர்வம் என்றார்.

"இடக்கைக்கு பலம் இல்லை, ஆனா சூடு தெரியும். வலக்கைக்கு பலம் உண்டு, சூடும் வலியும் தெரியாது. கவனிக்கணும், கேட்டோ."

தலையாட்டினேன். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் தெரியும், மண்டைக்குப் புரிந்தது கைக்குப் புரிய நாளாகும்.

வீட்டுக்கு வந்து கழுத்துப் பட்டையைக் கழற்றிய வாரம், மூன்று வயது மகள் செல்விக்கு உட்கார்ந்தபடி நானே வெந்நீர் விளாவினேன். பழக்கதோஷத்தில் வலக்கையைத்தான் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் சுடவில்லை. காலில் ஊற்றியதும் பிள்ளை அலறினாள். கால் சிவந்துவிட்டது. நல்லவேளை, கொப்பளிக்கவில்லை.

"இனிமே பிள்ளைய நீ குளிப்பாட்ட வேணாம்" என்றார் கணவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதன்பின் நாத்தனார்தான் குளிப்பாட்டினாள். வாளிச் சத்தம் கேட்டாலே செல்வி என்னைத் தாண்டி அவளிடம் ஓடுவாள். அது மட்டும் எனக்கு நன்றாகவே வலித்தது.

இயன்முறைப் பயிற்சியில் (தசைகளைத் திரும்பப் பழக்கும் சிகிச்சை) இடக்கால் ஊன்றி நடக்க வந்தது. இடக்கை எழவில்லை. அதை வலக்கையால் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் வைக்கப் பழகினேன். அடம்பிடிக்கும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போவது போலத்தான். செல்வி தள்ளி நின்று பார்ப்பாள்.

நேற்று நாத்தனார் கட்டப்பனைக்குப் போயிருந்தாள். நான் விளாவினேன். கணவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி வந்தாள். என் வலக்கையைத் தள்ளிவிட்டு, இடக்கையை இரண்டு கையாலும் பிடித்து வாளிக்குள் விட்டாள்.

"இப்ப சொல்லும்மா."

முன்பெல்லாம் விரல் பட்டதும் சொல்லிவிடுவேன். இப்போது அந்தக் கையிலிருந்து சேதி வந்து சேர நேரமாகிறது. மூவரும் காத்திருந்தோம். மெல்லச் சூடு வந்தது.

"சுடுதுடி. கொஞ்சம் பொறு" என்றேன்.

செல்வி ஓடவில்லை. பொறுத்து நின்றாள்.