முப்பத்தொன்று காட்டிய வாட்ச்

மராத்தி பேசும் ஊரான தாபோடியின் கடைத்தெருவில், வாட்ச் ரிப்பேர் கடை முன்னால் கூச்சத்தோடு நிற்கிறேன். பயணத்துக்கென்று வீட்டுக்காரர் என் கையில் கட்டிவிட்ட, சாவி கொடுக்கும் வாட்ச் இது. நாற்பது வருஷமாகத் தேதிகூடத் தப்பியதில்லை என்று பெருமையடிப்பார். இன்று ஜூலை ஒன்று. வாட்சில் முப்பத்தொன்று. நான்தான் கெடுத்துவிட்டேனோ?

கடைக்காரர் தமிழர்தான். கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்.

“ஒண்ணும் கெடலம்மா. இதுக்கு எல்லா மாசமும் முப்பத்தொண்ணுதான். வருஷத்துல அஞ்சு தடவ நாமதான் கையால தள்ளி வெக்கணும். இத்தன நாளா யார் வெச்சாங்க?”

“அவராத்தான் இருக்கும். எங்கிட்ட மூச்சு விடல பாருங்க!”

“நான் வெச்சித் தரட்டா?”

“வேணாம். எப்படின்னு சொல்லுங்க, நானே வெக்கிறேன்.”

அவர் சொன்னபடி குமிழைத் திருகுகிறேன். ஒன்று வந்து நிற்கிறது. ஊர் திரும்பியதும் வீட்டுக்காரர் பெருமையடிப்பதை முன்போலவே கேட்டுக்கொள்வேன். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடு.