திரு. லீ எந்த மொழியில் பாடினார்

காலை எட்டு இருபது. அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது, தொடப்படாத ஓட்ஸ் கஞ்சி. திரு. லீ ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தார். பக்கவாதத்தில் அவருடைய வலது பக்கமும் பேச்சும் போயிருந்தன.

நியூஜெர்சி மருத்துவமனை ஒன்றில் நான் ஸ்பீச் தெரபிஸ்ட். அன்று நான் எழுத வேண்டியது ஒன்றே: சொன்னதைப் புரிந்துகொண்டு செய்கிறாரா? செய்தால் பயிற்சி கொடுத்துத் தேற்றும் ரீஹேப் மையம், பிறகு வீடு. இல்லையென்றால் நர்சிங் ஹோம்; இங்கே அது முடியாதவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்க்கும் விடுதி.

டேப்லெட் திரையில் மாண்டரின் மொழிபெயர்ப்பாளர், ஓர் அம்மாள். கண்ணை மூடச் சொன்னார்; லீ மூடவில்லை. கையைத் தூக்கச் சொன்னார், தூக்கவில்லை. முந்தைய சோதனையிலும் இதேதான்.

நோயாளிகளை அடுத்து எங்கே அனுப்புவது என்று ஏற்பாடு செய்யும் கேஸ் மேனேஜர் நஸ்ரின் வாசலில் நின்றிருந்தாள். சென்னைப் பெண்.

"அக்கா, மதியத்துக்குள்ள நோட் போட்டுடுங்க. நர்சிங் ஹோம்ல பெட் ஹோல்டு பண்ணி வச்சிருக்கேன்."

"உனக்கு எல்லாமே அவசரம்டி."

"எனக்கா? இன்ஷூரன்ஸ்காரன் என் கழுத்துல உக்காந்திருக்கான்."

பேச்சு போனவர்களிடமும் மனப்பாடம் செய்தது சில சமயம் மிஞ்சும்: கிழமைகள், பிரார்த்தனை, பாட்டு. லீக்கு ஏதாவது பாட்டு தெரியுமா என்று கட்டிலருகே இருந்த அவர் மகள் எமிலியிடம் கேட்டேன். ஷேவ் செய்யும்போது ஒரு பழைய கவிதையை முணுமுணுப்பார் என்று சொல்லி, கவிஞரின் பெயரையும் சொன்னாள்.

திரையில் இருந்த அம்மாள் சிரித்தார். "அவரைத் தெரியாம சீனாவுல யாரும் ஸ்கூலைத் தாண்ட முடியாது."

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அன்றைய மெட்டுகளுக்கு வரி எழுதியவராம் அந்தக் கவிஞர். மெட்டுகள் தொலைந்துவிட்டன, வரிகளைப் பிள்ளைகள் இன்றும் ஒப்பிக்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டதால் அம்மாள் முதல் வரியைச் சொன்னார்.

லீ திரையைப் பார்த்துத் திரும்பினார். இரண்டாம் வரியை இழுத்துப் பாடினார். மூன்றாவதையும் பாடினார். எமிலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதை நோட்டில் புரிதல் என்று போட முடியாது. கிளிகூட ஒப்பிக்கும். ஆனால் அம்மாள், "ஒரு நிமிஷம், இது மாண்டரின் இல்ல. ஹாங்காங் பக்கம் பேசுற கான்டனீஸ்ல பாடுறார். எழுத்து ஒண்ணுதான், உச்சரிப்புதான் வேற" என்றார்.

அப்பா ஹாங்காங்கில் படித்தவர் என்பது எமிலிக்குத் தெரியும். ஆனால் காலமான அவள் அம்மா பெய்ஜிங்காரர். வீட்டில் எப்போதும் மாண்டரின்தான். அதையே எங்களிடமும் சொல்லியிருந்தாள். இருமொழிக்காரர்களிடம் பக்கவாதம் சில சமயம் ஒரு மொழியை அடித்துவிட்டு மற்றதை விட்டுவைக்கும்.

கான்டனீஸ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டோம். கண்ணை மூடச் சொன்னார், லீ மூடினார். இடது கையைத் தூக்கினார். குளிருகிறதா என்று கேட்டதும் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"அப்போ அந்த பெட்டை விட்டுடட்டுமாக்கா?" என்றாள் நஸ்ரின்.

"விட்டுடு. ரீஹேப்புக்கு அப்ளை பண்ணு."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். வீட்டில் என்ன மொழி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த மொழியில் பள்ளிக்கூடம் போனார் என்றும் கேளுங்கள்.

ரீஹேப் முடிந்து அவர் எமிலியின் வீட்டுக்குப் போனார். அதற்குள் சின்ன வாக்கியங்கள் பேசத் தொடங்கியிருந்தார். எல்லாம் கான்டனீஸில். எமிலிக்குக் கான்டனீஸ் தெரியாது.