மூடிவிட்ட ஏழு கோரிக்கைகள்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவள் வேலை செய்யும் கம்பெனி, கம்ப்யூட்டர் திரைக்கான பொத்தான், பட்டியல், அட்டவணை போன்றவற்றைத் தயாராகச் செய்து விற்கிறது. மற்ற கம்பெனிகளின் புரோகிராமர்கள் அவற்றை வாங்கித் தங்கள் மென்பொருளில் பொருத்திக்கொள்வார்கள். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பழைய வசதிகள் சில காணாமல் போகும். திருப்பிக் கொடுங்கள் என்று புரோகிராமர்கள் வயிற்றெரிச்சலோடு எழுதுவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பன்னிரண்டு வருடமாக இவள் பிழைப்பு. ஒரு கோரிக்கைக்கு அறுபது நாளுக்குள் இருபது பேர் ஆதரவு கொடுத்தால் வசதி திரும்பி வரும். இல்லாவிட்டால் கோரிக்கையை மூடிவிடுவார்கள். இந்த விதியை எழுதியவளே இவள்தான். ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பூட்டு'. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு அவளுக்கு.

என் வீட்டுக்காரர் அவளுடைய அண்ணன். எட்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பார்வை போய்விட்டது. போனில் வரும் புகார்களைப் பதிவு செய்கிற வேலை. விசைகளைத் தட்டி அட்டவணையில் வரிவரியாக இறங்குவார், கம்ப்யூட்டர் காதில் வாசித்துக் காட்டும். மவுஸை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய? அந்த அட்டவணை இவள் கம்பெனியில் வாங்கியது. புதிய பதிப்பில் அந்த விசை வசதியைத்தான் தூக்கிவிட்டார்கள். ஒரு திங்கள்கிழமை காலை, அட்டவணை அவரிடம் வாயே திறக்கவில்லை.

அவர் ஆபீஸ் புரோகிராமர் தங்கமான மனிதர். வசதியைத் திருப்பிக் கேட்டு அன்றைக்கே எழுதிப் போட்டார். மேலதிகாரி மட்டும், "திரும்பி வரும்னா காத்திருக்கலாம். வராதுன்னு பதில் வந்தா, உங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டார்.

அந்தக் கோரிக்கை என் நாத்தனாரிடமே வந்து சேர்ந்தது. அங்கே அவளைப் போல ஆறு பேர் உண்டு. தன்னிடம் வந்ததை அண்ணனிடம் சொல்லவில்லை, ஆசை வளர்த்துக்கொள்வார் என்றாள். என்னிடம் சொன்னாள். நம்ம ஆள் உள்ளே இருக்கும்போது என்ன கவலை என்று நானும் நிம்மதியாக இருந்தேன். என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

அறுபதாம் நாள் முடிந்தபோது பதினாறு பேர்தான் சேர்ந்திருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "அண்ணி, இன்னும் ஏழு பேர் இதையே கேட்டிருக்காங்க."

"அப்ப இருபதைத் தாண்டிருச்சே!"

"இல்ல. அவங்க தனித்தனியா எழுதியிருந்தாங்க. ஒரே விஷயம் திரும்ப வந்தா, ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததை மூடிருவோம். மூடும்போது, அங்க போய் ஆதரவு குடுங்கன்னு ஒரு வரி எழுதணும். நான் எழுதல."

"ஏன்?"

"எழுதினா திருப்பிக் கேள்வி கேப்பாங்க, அதுக்கும் பதில் போடணும். அவங்களே தேடிப் போய்ப் போட்டுருவாங்கன்னு நினைச்சேன். யாருக்குமே நான் அந்த வரியை எழுதினதில்ல, அண்ணி."

காலையில் ஏழு பேருக்கும் எழுதியிருக்கிறாள். இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள், வேறு கம்பெனியின் அட்டவணைக்கு மாறிவிட்டோம் என்று. அவளுடைய மேனேஜரிடம் பத்து நாள் தவணை கேட்டிருக்கிறாள். "ஒருத்தருக்கு நீட்டினா எல்லாருக்கும் நீட்டணும். விதியை எழுதினது நீங்கதானே மேடம்?" என்றாராம் அவர்.

கையில் இருந்த கரண்டியைத் தொட்டிக்குள் வீசினேன். "இத்தனை வருஷமா நீ மூடினதெல்லாம் யாரோட அண்ணனோ? என்னைக்காவது யோசிச்சியா?" என்றேன். அவள் அழுதாள். எனக்கு இரக்கமே வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

வராது என்ற பதிலையும் அவளே எழுத வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் தன் பொருட்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்து வந்தார். புரோகிராமர் அனுப்பிவைத்த அந்தப் பதிலை, போனில் வாசிக்க வைத்து இரண்டு முறை கேட்டார். பிறகு தங்கை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"உங்க ஆபீஸ்ல யார் எழுதினதுன்னு தெரியலம்மா, பேர் போடல. ஆனா வேலைதானேன்னு எழுதல, எவ்வளவு வருத்தப்பட்டு எழுதியிருக்காங்க பாரு. நீ போய் அவங்களைத் திட்டாதே. நான் நன்றி சொன்னேன்னு சொல்லு."

"சொல்றேண்ணா," என்றாள்.