நாற்பத்தோராம் மனையின் வாசல்

டேப் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பதினைந்து வருடம் தையல் கடையில் கழுத்தில் டேப்போடு நின்றதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு ஊருக்கு வெளியே மனை விற்கும் வேலைக்கு மாறினாள். டேப் முப்பது மீட்டராக நீண்டது. பெயர் மாறவில்லை.

வேலை மாறியதற்குக் காரணம் ஒரு கால்சட்டை. தைத்ததை வாங்கவந்த மனை முதலாளி புலம்பித் தீர்த்தார். "வர்ற பார்ட்டியெல்லாம் மனையப் பாத்துட்டு, 'இவ்வளவுதானா'ன்னு கேட்டுட்டுப் போயிடுறாங்க."

"வெட்டாத துணி கூடத்தான் சின்னதாத் தெரியும்," என்றாள் அக்கா. "கோடு போட்டுக் காட்டணும் சார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அடியில் ஓட்டை போட்ட பால்பவுடர் டப்பாவில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பிக்கொண்டு போனாள். வெறும் மண்ணில் முழு அளவில் ஒரு வீட்டையே வரைந்தாள். அன்றைக்கே இரண்டு மனை போனது. மறுநாளிலிருந்து தையல் கடை மூடியே கிடந்தது.

வரைவதற்கு முன் ஆயிரம் கேள்வி கேட்பாள். வீட்டில் முதலில் எழுந்திருப்பது யார்? குறட்டை விடுவது யார்? கதவைப் படாரென்று சாத்துகிற ஆள் உண்டா? அதன்படிதான் அறைகள் விழும். வரைந்த பிறகு ஒரே ஒரு சட்டம். சுவரைத் தாண்டக்கூடாது, வாசலுக்கு விட்ட இடைவெளி வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். சிலர் சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டிக் குறுக்கே நடப்பார்கள். அவர்கள் வாங்கமாட்டார்கள் என்பது அக்காவின் கணக்கு. சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வருகிறவர்கள், மனதளவில் குடிவந்துவிட்டவர்கள். இந்தக் கணக்கு இதுவரை பொய்த்ததில்லை.

இப்படி எண்பத்துமூன்று குடும்பங்களுக்கு இடம் காட்டியவள் குடியிருந்தது மாவு மில்லுக்கு மேலே, வாடகை மாடியில். மில் ஓடினால் அலமாரியில் தம்ளர்கள் தாமாகவே நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். அவளுக்கும் ஒரு மனைமேல் கண் இருந்தது. சாலை வளையும் இடத்தில் இருந்த நாற்பத்தொன்று. முதலாளியும் இரண்டு வருடமாக அதை அவளுக்கென்று தொடாமல் வைத்திருந்தார்.

இழுத்தடித்தது கணவர்தான். அவர் டவுன் பஸ் டிரைவர். அந்த வளைவில் நாளைக்கு ஆறு தடவை பஸ்ஸைத் திருப்புகிற மனிதர், ஒரு தடவைகூட இறங்கிப் பார்த்ததில்லை. பேச்சை எடுத்தால், "யோசிப்போம்" என்பார். பெண் பார்க்க வந்த அன்றும் அதையேதான் சொன்னார். அவருடைய அக்கா பின்னாலிருந்து கிள்ளியதால்தான் கல்யாணமே நடந்தது.

அன்று காலை முதலாளி கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "ரோட்டோரத்துல நாப்பதும் நாப்பத்தொண்ணும்தான் பாக்கி. இன்னிக்கு ஒரு டீச்சர் வர்றாங்க. நாப்பத்தொண்ணத்தான் கேக்குறாங்க. இனிமேலும் புடிச்சு வெச்சிருக்க முடியாதுக்கா. காட்டிடுங்க."

"அவர்கிட்ட இன்னொரு தடவை கேட்டுட்டு..."

"அவர் என்ன சொல்வார்னு எனக்கே தெரியும்."

டீச்சர் மாமியாரோடு வந்தாள். மாமியாருக்கு எதையும் ஒரு முறை தட்டிப் பார்த்தால்தான் நிம்மதி. வந்ததும் எல்லைக்கல்லையே தட்டிப் பார்த்தார். அக்கா வழக்கமான கேள்விகளைக் கேட்டாள், பதில்களுக்குத் தலையாட்டினாள், டப்பாவை எடுத்தாள். மளமளவென்று கோடுகள் விழுந்தன. இருவரும் வாசல் வழியாக உள்ளே போனார்கள்.

"ஏம்மா," என்றார் மாமியார். "சமையக்கட்டு பின்னாடி வேணும்னு சொன்னேன். நீ ரோட்டப் பாத்துப் போட்டிருக்கியே?"

"இங்க நின்னா வளைவுல பஸ் திரும்புறது தெரியும்மா. கடைசி டிரிப் திரும்புனதும் அடுப்பப் பத்தவெச்சா போதும். டெப்போல வண்டிய விட்டுட்டு ஆள் வர்றதுக்கும் சாப்பாடு சூடா இறங்குறதுக்கும் சரியா இருக்கும்."

"எங்க வீட்ல யாரும் பஸ் ஓட்டலையே!"

"இந்தக் குட்டி ரூம் எதுக்குக்கா?" என்றாள் டீச்சர்.

"தையல் மெஷினுக்கு..." சொல்லிவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமியார் இடுப்பில் கை வைத்தார். "நீ விக்க வந்தியா, குடியேற வந்தியா?"

இரண்டு வருடம் மனதுக்குள் வரைந்த வீட்டைக் கை தானாகவே வரைந்துவிட்டிருந்தது. "மன்னிச்சிடுங்கம்மா. அழிச்சிட்டு வேற போடறேன்." சமையலறைச் சுவரை அழிக்கக் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் இறங்கவே இல்லை.

"கால எடு," என்றார் மாமியார். "பக்கத்து மனை?"

"நாப்பது. இதே அளவுதான்."

"எங்களுக்கு அங்க போடு. ஆனா பக்கத்து வீட்ல நீதான் இருக்கணும். வேற எவரையாவது கொண்டுவந்து வெச்சே, எனக்கு மனையே வேண்டாம்."

"எங்க வீட்டுக்காரர் இன்னும் யோசிச்சிட்டிருக்கார்மா."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா."

அந்த நேரம் வளைவில் ஹாரன் கேட்டது. அக்காவின் முகம் திரும்பிய வேகத்திலேயே மாமியாருக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. விறுவிறுவென்று சாலைக்குப் போய்க் கையை நீட்டினார். பஸ் நின்றது.

"இது ஸ்டாப் இல்லம்மா," என்றார் டிரைவர்.

"நான் ஏற வரல. உங்கள இறக்க வந்தேன். உங்க வீடு அங்க ரெடியா இருக்கு, எட்டிப் பாத்துட்டுப் போங்க."

"டியூட்டில இருக்கேன்மா. யோசிச்சு..."

"போய்ட்டு வாங்கண்ணே!" என்று கண்டக்டர் விசில் ஊதினார். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

டிரைவர் வேறு வழியில்லாமல் இறங்கி நேராக நடந்து வந்தார். முன்சுவர்க் கோட்டுக்கு அருகில் வந்ததும் வலது காலைத் தூக்கினார். எண்பத்துமூன்று வீட்டுக் கணக்கும் அந்த ஒற்றைக் காலில் தொங்கியது.

அவர் கோட்டைப் பார்த்தார். சமையலறைக்குள் டப்பாவோடு நின்ற மனைவியைப் பார்த்தார். தூக்கிய காலைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"வாசல் எந்தப் பக்கம்?"

அக்கா கையைக் காட்டினாள். அவர் சுற்றிக்கொண்டு போய், இடைவெளிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்தார். பஸ்ஸிலிருந்து கைதட்டல் கேட்டது. சமையலறையில் நின்று சாலையைப் பார்த்தவர், "வண்டி நல்லாத்தான் தெரியுது," என்றார். "முதலாளிகிட்ட சரின்னு சொல்லிடு. ஆமா, அந்தக் குட்டி ரூம் உன் மெஷினுக்குத்தானே? நான் உக்காந்து யோசிக்க எங்க இடம்?"

"உங்களுக்கு முழுநேர வேலையே அதுதானே!" என்ற அக்கா, வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி அளவுக்குச் சதுரம் போட்டாள். பிறகு அந்தக் கோணத்தைச் சரிசெய்தாள், இந்தக் கோட்டை அழுத்தமாக்கினாள்.

"போதும்மா," என்று நாற்பதாம் மனையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "எங்க வீட்டுக்கும் கொஞ்சம் பொடி மிச்சம் வை!"