பங்காரம்மா போட்ட சார்ட்

பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த பம்பு கம்பெனியில் கம்ப்யூட்டர் என்றால் திருமலைசாமிதான். 1994இல் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க முதல் ஒயர் இழுத்தவர் அவர். எந்த மேசைக்கு அடியில் எந்த ஒயர் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் அவருக்கு அடுத்த அறையில், அக்கவுண்ட்ஸில் இருந்தேன். இதில் பாதி நான் கண்டது. மீதியை ரிட்டையர் ஆகும் சமயத்தில் அவரே சொன்னார்.

2000 பிறந்ததும் பழைய கம்ப்யூட்டர்கள் வருஷத்தைத் தப்பாகப் படித்துக் குழம்பிவிடும் என்று 1998இல் ஒரே பேச்சு. கம்பெனியில் என்னென்ன மெஷின் இருக்கிறது என்று முதலாளி ரவிக்குமார் பட்டியல் கேட்டார். திருமலைசாமி தன் அறையில் உட்கார்ந்தபடியே, ஒயர் வழியாக ஒவ்வொரு மெஷினையும் கூப்பிட்டுப் பார்க்கிற ஒரு புரோகிராம் எழுதி ஓட்டினார். முப்பத்தொரு மெஷின்கள் பதில் சொன்னதைச் சுத்தமாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

முதலாளி அதைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "இதுல எது நின்னா லாரி கேட்டைத் தாண்டாதுங்க?"

திருமலைசாமி பட்டியலை வாங்கி மறுபடி புரட்டினார்; அதில் அது இல்லை.

அதைக் கண்டுபிடிக்கும் வேலை, சரக்கு அனுப்பும் டிஸ்பாட்சில் கிளார்க்காக இருந்த பங்காரம்மாவுக்குப் போனது. அந்தம்மா கம்ப்யூட்டர் படித்தவரில்லை. ஒரு ஆர்டர் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அது வந்து சேர்ந்த மேசையிலிருந்து லாரி ஏறும் இடம்வரை கூடவே நடந்தார். ஒவ்வொருவரிடமும், இது எங்கிருந்து வருகிறது, வராவிட்டால் உங்கள் வேலை நிற்குமா என்று கேட்டார். எந்த வேலை எந்த மெஷினை நம்பியிருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் பெரிய சார்ட் ஒன்று பத்து நாளில் தயாரானது. பம்பு டெஸ்டிங்கில் மற்றவற்றோடு ஒயர் இணைப்பே இல்லாமல் தனியாக ஓடிய ஒரு பழைய மெஷின் உட்பட, திருமலைசாமியின் பட்டியலில் இல்லாத ஐந்து மெஷின்கள் அதில் இருந்தன. முதலாளி அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அதற்கப்புறம் திருமலைசாமிக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளி அறைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சுவரைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்வார். அந்தம்மா சிரித்தால், தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியதாம். நான் இழுத்த ஒயர், இவளுக்குப் பேரா என்று வீட்டில் புலம்பியிருக்கிறார்.

டிசம்பரில் ஒருநாள், லாரிக்கு கேட் பாஸ் அடிக்கத் தேவையான ஃபைலை ஸ்டோர்ஸ் மெஷினிலிருந்து எடுத்துத் தன் அறையில் மூலையில் கிடந்த மெஷினில் வைத்து, கேட் பாஸ் அங்கிருந்து வரும்படி செய்தார். யாரிடமும் சொல்லவில்லை. வேலை வழக்கம்போல் நடந்தது. சார்ட் மட்டும் பொய்யாகிப்போனது.

2000 பிறக்கும்போது என்ன செய்வது என்று 1999 ஆகஸ்டில் ஒத்திகை வைத்தார்கள். சார்ட்டைப் பார்த்து, யாருக்கும் தேவைப்படாதவற்றை முதலில் நிறுத்த வேண்டும். சார்ட்டின்படி அந்த மூலை மெஷினும் அவற்றில் ஒன்று. நிறுத்தினார்கள். கேட் பாஸ் வரவில்லை. பம்பு ஏற்றிய இரண்டு லாரிகள் காலையிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் நின்று, கையால் எழுதிய பாஸோடு போயின. காரணம் தெரிந்த ஒரே ஆள் திருமலைசாமி. அவர் மற்றவர்களோடு சேர்ந்து தேடுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னாலும் முதலாளி கடிந்துகொண்டபோது, தான் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த நேரம் குளுகுளுன்னு இருந்துச்சுங்க," என்றார் திருமலைசாமி பின்னாளில் என்னிடம்.

அந்தம்மா மறுபடியும் ஆர்டர் காகிதத்தோடு முதலிலிருந்து நடக்க ஆரம்பித்தார். நடந்து நடந்து திருமலைசாமி அறைக்கே வந்துவிட்டார். மூலை மெஷினைப் போடச் சொல்லி, ஃபைலைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இதை எப்ப இங்க மாத்துனீங்க?"

"டிசம்பர்லீங்க."

அந்தம்மா அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சார்ட்டில் அந்தக் கோட்டை அடித்து, புதிதாக வரைந்து, பக்கத்தில் தேதி எழுதினார். "இனிமே மாத்துனா எழுதிப்போடுங்க சார். எனக்குத் தெரியாமப் போயிருதுங்க." அவ்வளவுதான். முதலாளியிடம் போகவே இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள் என்றார் திருமலைசாமி. அதன்பின் அவருடைய பொறாமை கூடியதே தவிரக் குறையவில்லை.

மூன்று மாதம் கழித்து, மதுக்கரையில் வாங்கிய புதுப் பட்டறையிலும் இதே வேலைக்கு ஆள் வேண்டும், யாரை அனுப்பலாம் என்று முதலாளி கேட்டார். திருமலைசாமி உடனே பங்காரம்மா பெயரைச் சொன்னார். அந்த வேலைக்கு அந்தம்மாவை விட்டால் ஆளில்லை, அது நிசம். கண்ணுக்கு மறைவாகப் போய்த் தொலையட்டும் என்று நினைத்தது, அதுவும் நிசம்.

கிளம்புகிற அன்று அந்தம்மா அவரைத் தேடி வந்தார். சம்பளம் கூடியதையும், மகளை டவுனில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்ததையும் சொன்னார். "நீங்கதான் என் பேரைச் சொன்னீங்களாமா. மொதலாளி சொன்னாருங்க," என்று கை கூப்பினார்.

திருமலைசாமி சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதுக்கரை வேன் கிளம்பும் சத்தம் கேட்டபிறகுதான் வெளியே வந்தார்.